பளபளப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம்

பிள்ளைகள் வேலைக்குப் போனதும் கேட்பது ஸ்போர்ட்ஸ் கார். பிரித்தானியாவில் பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 பலருக்கும் கட்டுப்படியாகும். ஆனால் கணக்குப் புத்தகம் போல இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பகலில், மழையில்லாத நேரம் போங்கள். ஈரம் குறையை மறைக்கும். கதவு இடைவெளி இரு பக்கமும் ஒரே அளவா? மட்காட் போல்ட்டுகளில் பெயின்ற் உரிந்திருந்தால் அதைக் கழற்றிப் பூட்டியிருக்கலாம். றப்பர் ஓரத்தில் பெயின்ற் படிந்திருந்தால் திரும்ப அடித்திருக்கிறார்கள்.

பின்சில்லுக்கு முன்னால், கதவுக்குக் கீழுள்ள தகட்டில் துணி சுற்றிய காந்தத்தை வையுங்கள். இந்தக் காரில் கறள் பிடிக்கும் இடம் அது. ஒட்டாவிட்டால் உள்ளே பட்டி. பொனட்டில் ஒட்டாவிட்டால் பயப்படவேண்டாம், அது அலுமினியம்.

காப்புறுதிப் பதிவையும் பாருங்கள். 2017 ஒக்டோபர் முதல் 'எஸ்' என்றால் சட்டகம் அடிபட்டது. 'என்' என்றால் சட்டகத்தில் சேதமில்லை. காப்புறுதிக்குச் சொல்லாமல் திருத்திய கார் இந்தப் பதிவில் வராது. சட்டகத்தைச் சரியாகத் திருத்தாத கார் அடுத்த விபத்தில் பிள்ளையைக் காக்காது.

ஆகவே காசை எண்ணுமுன் காரைத் தூக்கி அடிப்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால், பேசாமல் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.