மார்கழிக் குளிரும் மின் கட்டணமும்

ஊரிலிருந்து பெங்களூருக்கு வந்த முதல் மார்கழியை நம்மில் யார்தான் மறந்திருப்போம்? 1884 ஜனவரியில் 7.8 டிகிரி வரை இறங்கிய ஊராயிற்றே! அறையைச் சூடாக்குவோர் இங்கே அபூர்வம், செலவெல்லாம் வெந்நீருக்குத்தான்.

முன்பு அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கத்துச் சிறு வீடுகளில் விறகடுப்பு, அல்லது மண்ணெண்ணெய் ஸ்டவ். இன்று ஹீட்டர் ராடு. 20 லிட்டர் வாளித் தண்ணீர் குளிக்கும் பதத்துக்குச் சூடாக அரை யூனிட்டுக்குச் சற்று மேலே பிடிக்கும். ஐந்து பேர் உள்ள வீட்டில் மாதம் 85 யூனிட்டுக்குக் குறையாது. வெள்ளி, சனி எண்ணெய்க் குளியல் தனி!

2023-இல் வந்த கிருஹ ஜோதித் திட்டம் வாடகை வீட்டாருக்கும் பொருந்தும். ஆனால் 2022-23 சராசரியோடு சற்றுக் கூட்டித்தான் இலவசம். அதற்கு மேல் போனால் கூடுதலுக்குப் பணம். 200 யூனிட்டைத் தாண்டினாலோ முழு பில்லும் நம் தலையில். சராசரி என்பது கோடையையும் சேர்த்த கணக்கு. குளிர்காலத்தில் இடறுவது அதனால்தான்.

சூரிய வெந்நீர்க் கருவி வைக்கலாம் என்பார்கள். மொட்டை மாடி வீட்டுக்காரருடையது அல்லவா?

சிக்கனம் என்று மூடிய அறையில் கரிக் கணப்பு வைத்து உறங்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. வீட்டில் முதியவர்கள் இருந்தால் முதல் வாளி அவர்களுக்கு.