இரண்டே யூ.எஸ்.பி. போர்ட்டில் ஒலிப்பதிவு

ஸ்ரீரங்கத்து வீட்டில் தாத்தா பிரபந்தம் சேவிப்பதை லேப்டாப்பில் பதிவு செய்யப் போகிறீர்களா? மைக் செருகும் ஆடியோ இன்டர்ஃபேஸ், மவுஸ், எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் என மூன்று சாதனங்கள், போர்ட்டுகளோ இரண்டுதான். உடனே மலிவான ஹப் வாங்கி எல்லாவற்றையும் அதில் செருகிவிடாதீர்கள்.

வேகம் பிரச்னையே இல்லை. சி.டி. தர ஸ்டீரியோ ஒலிக்கு நொடிக்கு 1.4 மெகாபிட் போதும்; யூ.எஸ்.பி. 2.0-இன் உச்ச வேகம் 480 மெகாபிட். தட்டுப்பாடு மின்சாரத்தில்தான். அந்த போர்ட் தரும் 500 மில்லி ஆம்பியரை ஹப்பில் உள்ள அனைத்தும் பங்கு போடும். ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கும்போது இன்டர்ஃபேஸ் துண்டிக்கப்படலாம். பாசுரம் பாதியில் நின்றுவிடும்.

எனவே இன்டர்ஃபேஸை லேப்டாப்பில் நேரடியாகச் செருகுங்கள். மற்றவை தனி அடாப்டர் உள்ள ஹப்பில் இருக்கட்டும். பதிவை முதலில் லேப்டாப்பிலேயே சேமியுங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 635 எம்.பி. பிடிக்கும். நடுவில் கரண்ட் போனாலும் பேட்டரியில் பதிவு தொடரும்.