நிழலையும் அளக்கும் செய்தியாளர்கள்

மாணவர்களே, ஒரு புகைப்படத்தில் விழுந்திருக்கும் நிழலைப் பார்த்து, அது எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது என்று கூற முடியுமா? முடியும். இணையச் செய்தித் துறையில் இன்று அதற்கும் பயிற்சி அளிக்கிறார்கள். அந்தப் பயிற்சியின் பயனை உலகுக்குக் காட்டிய நிகழ்வு ஒன்று நம் நாட்டின் துயரத்தோடு தொடர்புடையது.

2014 ஜூலை 17. ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூருக்கு வந்துகொண்டிருந்த எம்எச்17 விமானம், கிழக்கு உக்ரேனில் ஏவுகணையால் வீழ்த்தப்பட்டது. 298 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 43 பேர் மலேசியர்கள். போரிட்டுக்கொண்டிருந்த தரப்புகள் ஒன்றையொன்று குற்றம் சாட்டின. இதற்கிடையே, அவ்வட்டார மக்கள் எடுத்த சில படங்களும் காணொளிகளும் இணையத்தில் வெளிவந்தன. அவற்றில் 'புக்' எனப்படும் ஏவுகணை வாகனம் தெரிந்தது.

அவற்றை ஆராய்ந்தவர்களுள் முக்கியமானது பெல்லிங்கேட் குழு. பிரிட்டனைச் சேர்ந்த எலியட் ஹிக்கின்ஸ் அதே மாதத்தில்தான் அதனைத் தொடங்கியிருந்தார். அவர்களிடம் இருந்தவை கணினி, இணைய வரைபடம், துணைக்கோளப் படங்கள் ஆகியவையே. ஒவ்வொரு படத்தையும் மூன்று கேள்விகளால் சோதித்தார்கள்.

எங்கே? எப்போது? எது?

முதல் கேள்வி, எங்கே? ஒரு காணொளியில், ஏவுகணை ஒன்று குறைந்த நிலையில் புக் வாகனம் சென்றது. அது உக்ரேன் அரசின் கட்டுப்பாட்டிலிருந்த ஊரில் எடுக்கப்பட்டது என்று ரஷ்யத் தற்காப்பு அமைச்சு கூறியது. ஆனால், அதில் தெரிந்த விளம்பரப் பலகையையும் சுற்றுப்புறத்தையும் ஒப்பிட்டபோது, அந்த இடம் ரஷ்ய ஆதரவுப் பிரிவினைவாதிகள் வசமிருந்த லுஹான்ஸ்க் நகரம் எனத் தெரிந்தது.

இரண்டாவது, எப்போது? இங்குதான் நிழல் வருகிறது. பொருளின் உயரத்தை நிழலின் நீளத்தால் வகுத்தால், சூரியனின் ஏற்றக் கோணத்திற்குரிய டேன்ஜன்ட் கிடைக்கும். ஆம், நீங்கள் கணிதப் பாடத்தில் படிக்கும் அதே விகிதம்தான். இடமும் தேதியும் தெரிந்தால், நிழலின் திசையையும் நீளத்தையும் கொண்டு நேரத்தைக் கணிக்கலாம்.

மூன்றாவது, எது? வாகனத்தின் பக்கவாட்டிலிருந்த சேதங்களும் அடையாளக் குறிகளும் கைரேகைபோல் பயன்பட்டன. 2014 ஜூனில் ரஷ்யாவில் சென்ற இராணுவ அணிவகுப்பின் காணொளிகளோடு அவை ஒப்பிடப்பட்டன. அந்த வாகனம் கூர்ஸ்க் நகரிலுள்ள 53ஆவது வான் தற்காப்புப் படையணியைச் சேர்ந்தது என்ற முடிவை 2014 நவம்பரில் பெல்லிங்கேட் வெளியிட்டது. மலேசியாவும் இடம்பெற்ற அனைத்துலகக் கூட்டு விசாரணைக் குழு, 2018 மே மாதம் அதே முடிவை அறிவித்தது. ரஷ்யா அதனை மறுத்து வருகிறது. 2022 நவம்பரில் நெதர்லாந்து நீதிமன்றம், நேரில் வராத மூவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

ஒரு சான்று போதாது

நிழல் மட்டும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. சூரியனின் பாதை ஜூன் 21ஐ ஒட்டி முன்னும் பின்னும் ஒத்திருக்கும். ஆகவே, ஜூலை 17இல் விழும் நிழல் ஏறக்குறைய மே 26இலும் விழும். அதனால்தான் பயிற்சி பெற்ற செய்தியாளர் நிழலோடு வானிலை, மரங்களின் நிலை, வேறு சாட்சிகள் எடுத்த படங்கள் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்கிறார். தம் முடிவை மட்டுமன்றி, அந்த முடிவுக்கு வந்த வழியையும் வெளியிடுகிறார். மற்றவர்களும் அதே படிகளைப் பின்பற்றிச் சோதிக்கலாம். அறிவியல் கூடத்தில் நீங்கள் எழுதும் பரிசோதனை அறிக்கையின் நோக்கமும் இதுதானே?

இந்த ஒழுங்கு இல்லாவிட்டால் என்ன ஆகும்? 2013இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மாரத்தான் ஓட்டத்தில் குண்டு வெடித்தபோது, இணையவாசிகள் படங்களை வைத்துக் குற்றவாளியைத் தேடினார்கள். குற்றத்தில் தொடர்பே இல்லாத ஒரு மாணவர்மீது பழி விழுந்தது. அவருடைய குடும்பம் பெரும் வேதனைக்கு உள்ளானது. அவர்களிடம் ஆர்வம் இருந்தது. சரிபார்க்கும் பொறுமை இல்லை.

இன்று செயற்கை நுண்ணறிவு நொடிப்பொழுதில் பொய்ப் படத்தை உருவாக்குகிறது. இதனைச் சமாளிக்க, படம் எங்கிருந்து வந்தது, எப்படித் திருத்தப்பட்டது என்ற விவரங்களைப் படத்துடனேயே மின்னியல் முத்திரையாக இணைக்கும் முறையும் வந்துள்ளது. ஆனால், படம் பல கைகள் மாறும்போது அவ்விவரங்கள் அழிந்துபோகலாம். எனவே நாளைய செய்தியாளருக்கு எழுத்துத் திறனோடு கோணம், ஒளி, வரைபடம், புள்ளியியல் ஆகியவற்றிலும் பயிற்சி தேவை. அறிவியல் மாணவர்களே, செய்தித் துறை உங்களுக்கும் உரிய துறைதான்.

நீங்களே செய்து பாருங்கள்

ஜூலை 17 அன்று வெயில் இருந்தால், 1 மீட்டர் குச்சியைத் திடலில் செங்குத்தாக நட்டு வையுங்கள். கோலாலம்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் 1.20 வாக்கில். அப்போது நிழல் தெற்கு நோக்கிச் சுமார் 33 சென்டிமீட்டர் இருக்கும். அதே நாள், எம்எச்17 விழுந்த வட்டாரத்தில் உச்சிவேளை நிழல் வடக்கு நோக்கிச் சுமார் 50 சென்டிமீட்டர் விழும். இந்த வேறுபாடு ஏன் என்று நண்பர்களோடு பேசுங்கள். அடுத்த முறை புலனத்தில் பரபரப்பான படம் ஒன்று வந்தால், பகிர்வதற்குமுன் அதில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள்.