தொலைநோக்கி நழுவாதிருக்க…

(இளம் அறிவியல் இயற்பியல், இரண்டாம் ஆண்டு மாணவர் எழுதியது)

தஞ்சைப் பெரிய கோயிலைக் காண வருவோர் அதன் உயரத்தை அண்ணாந்து பார்த்து வியக்கின்றனர். அந்தக் கோயில் சுவரில் ஒரு தொலைநோக்கிக் கருவி மோதி நசுங்கிய கதையை அறிந்தவர் சிலரே. 1802ஆம் ஆண்டு சென்னைப் பரங்கிமலைப் பகுதியில் தம் நில அளவைப் பணியைத் தொடங்கினார் வில்லியம் லாம்ப்டன். 1808இல் அவர் தஞ்சைக்கு வந்தார். காவிரிச் சமவெளியில் குன்றுகள் இல்லை. தென்னையும் பனையும் பார்வையை மறைக்கும். ஆகவே கோயில் கோபுரங்களே அவருக்குக் குன்றுகளாயின. ஏறத்தாழ அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைக் கயிறு கட்டி மேலே ஏற்றும்போது, அதை விலக்கிப் பிடித்திருந்த கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதியது. கோணம் அளக்கும் அதன் பெருவட்டம் வளைந்துபோயிற்று. லாம்ப்டன் மனந்தளராமல், தாமே பல வாரம் உழைத்து அதைச் சீர்செய்தார் என்பது வரலாறு.

தொலைநோக்கி எவ்வளவு உயர்ந்ததாயினும், அதைத் தாங்கி நிற்பது உறுதியாக இல்லாவிட்டால் பயனில்லை என்பதே இதிலுள்ள பாடம். அதே பாடத்தைச் சிறிய அளவில், என் தாய்மாமனின் பலூன் சுடும் கடையில் நான் கற்றேன். அதை இயற்பியல் நோக்கில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

திருவிழாவில் வந்த பழி

மாமா ஊர் ஊராகத் திருவிழாக்களுக்குச் சென்று கடை போடுபவர். புன்னைநல்லூர் மாரியம்மன் கோயில் ஆவணித் திருவிழாவில் புதிய முயற்சி ஒன்றைச் செய்தார். வழக்கமான பலூன் பலகைக்கு அப்பால், பத்து மீட்டர் தொலைவில் எலுமிச்சை அளவுப் பலூன்களைக் கட்டி, காற்றுத் துப்பாக்கி ஒன்றில் பழைய தொலைநோக்கியையும் பொருத்தினார். அடித்தவருக்குத் தனிப் பரிசு.

முதல் நாள் மாலை பலூன்கள் வெடித்தன. இரவு எட்டு மணிக்கு மேல் ஒன்றும் வெடிக்கவில்லை. குறுக்கிழை பலூனின் நடுவில் நிற்கிறது. குண்டோ பக்கத்துத் தட்டியில் பதிகிறது. “கண்ணாடியைக் கோணலா வச்சுக் காசு பிடுங்குறீங்களா?” என்று ஒரு வாடிக்கையாளர் கூட்டத்தின் நடுவே கேட்டுவிட்டார். வட்டிக்குப் பணம் வாங்கிக் கடை போட்டவர் மாமா. ஆனால் பிறர் காசுக்கு ஆசைப்பட்டதில்லை. அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. மறுநாள் காலை துப்பாக்கியை என் முன் வைத்து, “காலேஜுல படிக்கிறியே மாப்ளே, இது ஏன்னு சொல்லு பாப்போம்” என்றார்.

எனக்கும் உடனே தெரியவில்லை. தொலைநோக்கியைத் தாங்கும் கவ்வியின் முன்னால் பளபளவென்று ஒரு புதுக் கீறல் இருந்தது. கவ்வி ஒரு நகத்தின் அகலம் பின்னோக்கி நகர்ந்திருந்தது. துப்பாக்கி சுடுபவரை நோக்கித்தானே உதைக்கிறது? அப்படியானால் தொலைநோக்கி முன்னோக்கியல்லவா நழுவ வேண்டும்? இந்தக் கேள்விதான் என்னை இக்கட்டுரைக்குக் கொண்டுவந்தது.

ஒரு சுடுதலில் இரண்டு உதைகள்

கொள்ளிடத்தில் தோணியிலிருந்து கரைக்குத் தாவியவர்களுக்கு நியூட்டனின் மூன்றாம் விதி தெரியும். நாம் முன்னே தாவ, தோணி பின்னே போகும். துப்பாக்கியின் உதைப்பும் இதுவே. ஆனால் சுருள்வில் வகைக் காற்றுத் துப்பாக்கியில் முன்னே தாவுவது குண்டு மட்டுமன்று. உள்ளேயிருக்கும் கனமான பிஸ்டனும் தாவுகிறது.

குழாயை மடக்கும்போது சுருள்வில் அழுத்தப்படுகிறது. விசையை இழுத்ததும் அது பிஸ்டனை முன்னே தள்ளுகிறது. பிஸ்டன் தன் முன்னுள்ள காற்றை நெருக்க, அந்த அழுத்தத்தால் குண்டு பாய்கிறது.

கணக்கிட்டுப் பார்ப்போம். அரை கிராம் குண்டு நொடிக்கு 160 மீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொண்டால், அதன் உந்தம் 0.08 கிலோகிராம் மீட்டர்/நொடி. 240 கிராம் பிஸ்டன் நொடிக்கு 10 மீட்டர் வேகம் பெறுவதாகக் கொண்டால், அதன் உந்தம் 2.4. அதாவது குண்டினுடையதைப் போல முப்பது மடங்கு! ஆகவே இங்கே உதைப்பதில் குண்டின் பங்கு சிறிது. பிஸ்டனின் பங்கே பெரிது. மற்ற பாகங்களின் எடை 3 கிலோ எனில், துப்பாக்கி நொடிக்கு 0.8 மீட்டர் வேகத்தில் பின்னே வரும். இது முதல் உதை.

பிஸ்டன் உருளையின் முடிவை அடைந்ததும், நெருக்கப்பட்ட காற்று அதைச் சட்டென்று நிறுத்துகிறது. பின்னே வந்துகொண்டிருந்த துப்பாக்கியும் அக்கணமே முன்னோக்கி வெட்டி இழுக்கப்பட்டு நின்றுவிடுகிறது. இது இரண்டாவது உதை. பேருந்து ஓட்டுநர் திடீரென்று பிரேக் போட்டால் நின்று வருபவர்கள் என்ன ஆவார்கள்? பேருந்து போன திசையிலேயே சாய்வார்கள். அதுபோல, துப்பாக்கியோடு பின்னே வந்த தொலைநோக்கி, துப்பாக்கி நின்ற பிறகும் பின்னோக்கியே போக முயல்கிறது. மாமாவின் கவ்வியில் கண்ட கீறலுக்கு இதுவே காரணம்.

நாற்பது கிலோ மூட்டை

முதல் உதை நூற்றில் ஒரு நொடி அளவு நேரம் எடுத்து நிகழ்வதாகவும், இரண்டாவது ஆயிரத்தில் ஒரு நொடியில் முடிவதாகவும் வைத்துக்கொள்வோம். இரண்டாவதன் முடுக்கம் நொடிக்கு நொடி 800 மீட்டர். புவியீர்ப்பைப் போல எண்பது மடங்கு. தொலைநோக்கி அரை கிலோ எனில், கவ்வியின்மீது விழும் விசை 400 நியூட்டன். அது 40 கிலோ எடைக்குச் சமம். நம் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் அடுக்கப்படும் ஒரு நெல் மூட்டையின் எடையும் அதுவே! ஒவ்வொரு முறை சுடும்போதும் ஒரு நெல் மூட்டை அந்தச் சிறு திருகுகளின்மேல் விழுகிறது என்று எண்ணினால் தவறில்லை. முதல் உதையில் இதில் பத்தில் ஒரு பங்கே உண்டு.

சாதாரண வேட்டைத் துப்பாக்கிக்கென்று செய்த தொலைநோக்கிகள் ஒரு திசை உதையை மட்டுமே எதிர்பார்த்துச் செய்யப்படுபவை. சுருள்வில் துப்பாக்கியின் எதிர்த்திசை உதை அவற்றின் வில்லைகளைத் தளர்த்திவிடும். குறுக்கிழையை அறுத்துவிடுவதும் உண்டு. எனவே சுருள்வில் துப்பாக்கிக்கு ஏற்றது என்று உறுதி கூறப்பட்டதையே வாங்க வேண்டும்.

ஒரு காகிதத் தடிப்பின் விலை

கவ்வி நேராக நழுவினால் குறி பிழைக்காதே என்று கேட்கலாம். நழுவும் கவ்வி நேராக நழுவுவதில்லை. சற்றே திரும்பியே நழுவும். இரு கவ்விகளும் 10 சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்க, ஒன்று மட்டும் 0.1 மில்லிமீட்டர் பக்கவாட்டில் விலகுவதாகக் கொள்வோம். அது ஒரு காகிதத்தின் தடிப்பு. கோணம் ஆயிரத்தில் ஒரு ரேடியன். பத்து மீட்டரில் அது ஒரு சென்டிமீட்டர் பிழையாகும். ஒலிம்பிக் பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் பத்துப் புள்ளி பெறும் வட்டத்தின் விட்டமே அரை மில்லிமீட்டர்தான்! 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது இப்போட்டியில்தான். அங்கே தொலைநோக்கிக்கு அனுமதியில்லை. துளை வழியாகக் குறிபார்க்கும் சாதனமே உண்டு. உதைப்பு மிகக் குறைந்த துப்பாக்கிகளே அங்கு பயன்படுகின்றன.

பொருத்தும் முறை

நாங்கள் செய்ததை வரிசையாகத் தருகிறேன்.

முதலாவது, எண்ணெயை நீக்குதல். மாமா துரு பிடிக்காதிருக்கத் துப்பாக்கி முழுவதும் தையல் இயந்திர எண்ணெய் பூசியிருந்தார். கவ்வியைப் பிடித்து நிறுத்துவது உராய்வே. உராய்வுக் கெழு 0.2 எனில், 400 நியூட்டனைத் தாங்க 2000 நியூட்டன் இறுக்கம் தேவை. எண்ணெயால் கெழு 0.1 ஆகக் குறைந்தால் 4000 நியூட்டன் தேவைப்படும். எனவே துப்பாக்கியின் மேற்பள்ளத்தையும் கவ்வியின் பற்களையும் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைக்க வேண்டும்.

இரண்டாவது, நிறுத்து முளை. உராய்வை மட்டும் நம்புவது பேதைமை. பல துப்பாக்கிகளின் மேற்புறத்தில் ஒரு சிறு குழி உண்டு. கவ்வியிலுள்ள முளை அதில் இறங்க வேண்டும். முளையைக் குழியில் இறக்கி, கவ்வியைப் பின்னோக்கித் தள்ளி, முளை குழியின் பின்சுவரில் முட்டிய பிறகே திருகுகளை இறுக்க வேண்டும். மாமாவின் கவ்வியில் முளை இருந்தது. அது குழியில் இறங்கவே இல்லை!

மூன்றாவது, இறுக்கும் வரிசை. மிருதங்கத்தின் வார்களைச் சுருதி சேர்ப்பவர் ஒரே பக்கத்தில் தட்டிக்கொண்டே போவதில்லை. எதிரெதிராகத் தட்டிச் சமன் செய்வார். வளையத்தின் நான்கு திருகுகளையும் அப்படியே எதிரெதிராக, சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். இருபுறத்து இடைவெளியும் சமமாக இருக்க வேண்டும். அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் தொலைநோக்கியின் குழல் நசுங்கி, உள்ளே குறுக்கிழையை நகர்த்தும் அமைப்பு சிக்கிக்கொள்ளும்.

நான்காவது, சாட்சிக் கோடு. கவ்விக்கும் துப்பாக்கிக்கும் குறுக்கே நகப்பூச்சால் ஒரு மெல்லிய கோடு இழுத்தோம். கவ்வி இம்மியளவு நகர்ந்தாலும் கோடு முறிந்து காட்டிக்கொடுத்துவிடும். இருபது முறை சுட்டபின் ஒரு தடவையும், ஐம்பது முறை சுட்டபின் ஒரு தடவையும் பார்த்தோம்.

குறி பிழைத்தால் உடனே தொலைநோக்கியைக் குறை சொல்லக் கூடாது. முதலில் துப்பாக்கியின் உலோகப் பகுதியை மரக்கட்டையோடு இணைக்கும் திருகுகளைப் பாருங்கள். பம்புசெட் எஞ்சின் அதிர்ந்து அதிர்ந்து அடித்தளப் போல்ட்டு தளர்வதுபோல இவையும் தளரும். அடுத்து கவ்வி, பிறகு வளையம், கடைசியாகத்தான் தொலைநோக்கி. பிடிக்கும் முறையிலும் கவனம் வேண்டும். குண்டு குழாயை விட்டு வெளியேறும் முன்பே முதல் உதை தொடங்கிவிடுகிறது. ஆகவே ஒருமுறை இறுக்கியும் ஒருமுறை தளர்த்தியும் பிடித்தால் குண்டு இடம் மாறி விழும். திறந்த உள்ளங்கையில் மெல்லத் தாங்கி, ஒவ்வொரு முறையும் ஒரேமாதிரி உதைக்க விட வேண்டும். குண்டில்லாமல் வெறுமனே சுடவும் கூடாது. காற்று மெத்தை இல்லாமல் பிஸ்டன் உலோகத்தில் மோதும்.

குறியும் கடமையும்

குறி சரியாகக் கிடைத்ததும் சிலருக்குத் தாளடி வயலில் இறங்கும் கொக்கின்மீதும் மடையான்மீதும் கண் போகிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடை செய்கிறது. வயலில் பூச்சி தின்று உழவனுக்கு உதவும் பறவையைச் சுடுவதற்கு அறிவியல் துணை போகலாகாது. காகித இலக்கும், அதன் பின்னே குண்டைத் தடுத்து நிறுத்தும் உறுதியான தடுப்பும் இருந்தாலே துப்பாக்கியைத் தொட வேண்டும். கண் போனால் திரும்பி வராது.

மறுநாள் மாலை மாமா கடையைத் திறந்தார். பழி சொன்ன அதே மனிதர் வந்து நின்றார். மாமா அவரிடம் துப்பாக்கியைக் கொடுத்து, சாட்சிக் கோட்டைக் காட்டி, “இந்தக் கோடு முறிஞ்சிருந்தா காசு வேணாம் தம்பி” என்றார். ஐந்து குண்டில் நான்கு பலூன் வெடித்தது. திருவிழா முடியும் வரை மாமா ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் அந்தக் கோட்டைக் காட்டியே துப்பாக்கியைக் கொடுத்தார்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். இயற்பியல் படித்து என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டவர்களுக்கு இதுவரை என்னால் தெளிவாக விடை சொல்ல முடிந்ததில்லை. உந்தமும் உராய்வும் தேர்வுத் தாளோடு முடிந்துவிடுபவை அல்ல. ஓர் ஏழை வியாபாரியின் நாணயத்தையும் அவை காப்பாற்றும் என்று இனிச் சொல்வேன். பெரிய கோயிலில் அறுந்த கயிறும் மாமாவின் கடையில் குழியில் இறங்காத முளையும் சொல்வது ஒன்றே: தூரத்தைப் பார்க்குமுன் பக்கத்திலிருக்கும் திருகைப் பார்.