மோட்டார்ஹோம் வாங்கப் போறீங்களா? கட்டில், கிச்சனைப் பார்க்கும் முன் இந்த ஒரு எண்ணைப் பாருங்க!

நம்ம ஊரில் ‘கேரவன்’ என்றாலே ஷூட்டிங் ஸ்பாட்டில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் ஞாபகத்துக்கு வரும். பிரிட்டனில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வேறு. காரின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்வதுதான் அங்கே கேரவன். இன்ஜின், படுக்கை, சமையலறை, கழிவறை எல்லாம் ஒரே வண்டியில் இருந்தால் அது மோட்டார்ஹோம்.

புதிய நடுத்தர மோட்டார்ஹோமின் விலை பெரும்பாலும் 60 ஆயிரம் பவுண்டைத் தாண்டும். இவ்வளவு பணம் போட்டு வாங்கிய வண்டியை, குடும்பத்தோடு ஏறி உட்கார்ந்த பிறகு சட்டப்படி சாலையில் ஓட்டவே முடியாது என்றால் எப்படி இருக்கும்? எடைக் கணக்கைப் பார்க்காமல் வாங்கினால் இந்தச் சிக்கல் வரலாம். பிரிட்டனில் வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

நடுத்தர அளவு என்றால் எவ்வளவு?

சுமார் 6 மீட்டரில் இருந்து 7 மீட்டர் வரை நீளமுள்ள வண்டிகளை நடுத்தர அளவு எனலாம். இதில் முக்கியமாக இரண்டு வகை உண்டு.

முதலாவது, சரக்கு வேனின் இரும்பு உடலை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே மட்டும் வீடாக மாற்றியது. ஃபியட் டுகாட்டோ வேன்தான் இதற்கு அதிகம் பயன்படுகிறது. அகலம் சுமார் 2.05 மீட்டர். குறுகலான கிராமத்துச் சாலையிலும் ஓட்டுவது எளிது. ஆனால் உள்ளே இடம் குறைவு.

இரண்டாவது, வேனின் முன்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு பின்னால் தனியாக அறை கட்டியது. அகலம் சுமார் 2.3 மீட்டர். உள்ளே தாராளமாக இருக்கும், நிரந்தரக் கட்டில் கிடைக்கும். ஆனால் எடை அதிகம்.

பிரிட்டனில் வழக்கமான கார் பார்க்கிங் கட்டத்தின் நீளம் 4.8 மீட்டர்தான். எனவே எந்த வகையை வாங்கினாலும் அதற்குள் அடங்காது. வீட்டு வாசலில் நிறுத்த இடம் இருக்கிறதா என்று முதலில் அளந்து பார்ப்பது நல்லது.

அது என்ன 3,500 கிலோ?

பிரிட்டனில் 1997 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு கார் ஓட்டும் தேர்வில் பாஸ் ஆனவர்கள், சாதாரண ‘பி’ பிரிவு லைசென்ஸில் 3,500 கிலோ வரையிலான பெட்ரோல், டீசல் வண்டிகளை மட்டுமே ஓட்டலாம். அதற்கு முன்பே பாஸ் ஆனவர்களுக்குப் பொதுவாக 7,500 கிலோ வரை அனுமதி உண்டு. ஆனால் அவர்களும் 70 வயதில் லைசென்ஸைப் புதுப்பிக்கும்போது, மருத்துவப் பரிசோதனை அறிக்கை கொடுத்தால்தான் அந்தச் சலுகை தொடரும்.

இங்கே பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் விஷயம் ஒன்று இருக்கிறது. கணக்கில் வருவது வண்டியின் இன்றைய எடை அல்ல. வண்டியின் தகட்டில் பொறிக்கப்பட்டுள்ள அதிகபட்ச அனுமதி எடை. தகட்டில் 3,850 கிலோ என்று இருந்தால், காலி வண்டியைக்கூட ‘பி’ லைசென்ஸ்காரர் ஓட்டக் கூடாது.

இதனால்தான் பல நிறுவனங்கள் தங்கள் நடுத்தர மாடல்களைச் சரியாக 3,500 கிலோவுக்குள் அடக்கி விற்கின்றன. லைசென்ஸ் பிரச்னை தீர்ந்தது. ஆனால் சாமான் ஏற்ற எடை மிச்சம் இருக்கிறதா?

450 கிலோ எங்கே போகிறது?

அதிகபட்ச எடையில் இருந்து வண்டியின் சொந்த எடையைக் கழித்தால் கிடைப்பதுதான் ‘பேலோடு’. அதாவது ஆட்கள், சாமான்களுக்கு மிச்சமுள்ள எடை. ஓட்டுநருக்கு 75 கிலோவும், 90% நிரம்பிய எரிபொருளும் ஏற்கெனவே சொந்த எடையில் சேர்க்கப்பட்டிருக்கும்.

உதாரணத்துக்கு, சொந்த எடை 3,050 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 450 கிலோ. கேட்க ரொம்பத் தாராளமாகத் தெரியும். ஒரு நான்கு பேர் குடும்பத்தின் கணக்கு இது:

• மனைவி, இரண்டு பிள்ளைகள் – 150 கிலோ
• தண்ணீர் – 80 கிலோ (100 லிட்டர் தொட்டியில் 20 லிட்டரை மட்டும் சொந்த எடையில் சேர்த்துக் காட்டும் நிறுவனங்கள் உண்டு)
• பக்கவாட்டு நிழற்கூரை – 30 கிலோ
• கூடுதல் பேட்டரி – 25 கிலோ
• நான்கு சைக்கிள்கள், அதற்கான ஸ்டாண்ட் – 70 கிலோ

மொத்தம் 355 கிலோ. மீதி வெறும் 95 கிலோ. இதற்குள்தான் துணிமணி, போர்வை, நாற்காலி, குக்கர், அரிசி, மளிகை எல்லாம் அடங்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஐரோப்பிய விதிகளின்படி, வண்டியின் உண்மையான எடை நிறுவனம் சொல்லும் எடையில் இருந்து 5% வரை மாறுபடலாம். 3,050 கிலோவில் 5% என்றால் சுமார் 152 கிலோ. அந்த 95 கிலோவும் காலி!

அதிக எடையோடு ஓட்டினால் என்ன ஆகும்?

சோதனையில் சிக்கினால், கூடுதல் எடையைப் பொறுத்து 100 முதல் 300 பவுண்டு வரை அபராதம். மிக அதிகமாக இருந்தால் வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும். எடையைக் குறைக்கும் வரை வண்டியை நகர்த்தவும் விட மாட்டார்கள். விபத்து நடந்தால் காப்பீட்டுப் பணம் கிடைப்பதும் சிக்கலாகலாம்.

பணத்தைவிடப் பெரிய பிரச்னை பாதுகாப்பு. எடை கூடினால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் கூடும். டயர் வெடிக்கும் ஆபத்தும் அதிகம். மொத்த எடை சரியாக இருந்தாலும், சைக்கிள்களைப் பின்புறம் தொங்கவிட்டால் பின் அச்சில் மட்டும் வரம்பு மீறிவிடலாம்.

எத்தனை பேர் தூங்கலாம், எத்தனை பேர் பயணிக்கலாம்?

இரண்டும் ஒன்றல்ல. ‘4 பேர் படுக்கலாம்’ என்று விளம்பரம் இருக்கும். சீட் பெல்ட் உள்ள இருக்கைகள் இரண்டுதான் இருக்கும். பிள்ளைகளோடு போகிறவர்கள் படுக்கையை எண்ணும் முன் பெல்ட்டை எண்ண வேண்டும்.

பழைய வண்டி வாங்கினால்?

தனியாக அறை கட்டிய வண்டிகளில் மிகப்பெரிய எதிரி ஈரம். ஜன்னல் ஓரம், கூரை ஜன்னலைச் சுற்றி, மூலைகளில் தண்ணீர் இறங்கி, வெளியே தெரியாமல் உள்ளே மரத்தை அரித்துவிடும். ஈரமானியில் 15 சதவீதத்துக்குள் இருந்தால் பயமில்லை. 20-ஐத் தாண்டினால் பழுதுபார்க்க வேண்டும் என்பது அத்துறையினரின் பொதுவான கணக்கு. ஆண்டுதோறும் கேஸ், மின்சாரம், தண்ணீர், ஈரம் ஆகியவற்றைப் பரிசோதித்த சான்றுகளைக் கேட்டு வாங்குங்கள்.

லண்டன் பக்கம் வசிப்பவர்கள் டீசல் இன்ஜின் யூரோ 6 தரமா என்றும் பார்க்க வேண்டும். இல்லையென்றால், 3,500 கிலோ வரையிலான வண்டிக்கு லண்டனுக்குள் ஓட்டும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு கட்டணம்.

இந்தியாவில் எப்படி?

இங்கே இலகு ரக வாகன லைசென்ஸுக்கே 7,500 கிலோ வரை வரம்பு இருப்பதால், நடுத்தர வண்டிக்கு லைசென்ஸ் பெரிய தடையில்லை. ஆனால் சாதாரண வேனை வாங்கி இஷ்டத்துக்கு உள்ளே மாற்றினால் ஆர்.சி. புத்தகத்தில் சிக்கல் வரும். ‘மோட்டார் கேரவன்’ என்ற வகையில் முறையான ஒப்புதலும் பதிவும் அவசியம்.

கையெழுத்துப் போடும் முன்...

• தகட்டில் உள்ள அதிகபட்ச எடையும் உங்கள் லைசென்ஸும் பொருந்துகிறதா?
• நீங்கள் கேட்ட கூடுதல் வசதிகளோடு சேர்த்து வண்டியின் எடை எவ்வளவு என்று எழுத்துபூர்வமாகக் கேளுங்கள்.
• பழைய வண்டி என்றால், எடை மேடையில் ஏற்றிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.
• அதே அளவு வண்டியை ஒரு வாரம் வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தோடு தங்கிப் பாருங்கள். கட்டில் போதுமா, கழிவறை வசதியா என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும்.

பேலோடு போதவில்லை என்று தெரிந்தால், ஒரு அளவு சிறிய வண்டிக்கு மாறுவது ஒரு வழி. ‘சி1’ பிரிவு லைசென்ஸ் எடுத்துக்கொண்டு அதிக எடை அனுமதி உள்ள வண்டியை வாங்குவது இன்னொரு வழி. எதுவானாலும், பணம் கட்டும் முன்பே முடிவெடுப்பதுதான் நல்லது.