முனைவர் பட்டத்துக்கும் பேராசிரியர் பதவிக்கும் நடுவே

மியூனிக் நகரின் மையத்திலிருந்து வடக்கே சுரங்க ரயிலில் அரை மணி நேரத்துக்குள் கார்ஹிங் வந்துவிடும். 1957இல் ஜெர்மனியின் முதல் அணு உலை இயங்கத் தொடங்கியது இந்தச் சிற்றூரில்தான். அந்த உலையின் முட்டை வடிவக் கட்டடத்தை ஊர் தன் சின்னத்திலேயே பொறித்து வைத்திருக்கிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பெரிய வளாகமும், மாக்ஸ் பிளாங்க் கழகத்தின் இயற்பியல், வானியல் ஆய்வு நிறுவனங்கள் சிலவும், ஐரோப்பியத் தெற்கு வானாய்வகத்தின் தலைமையகமும் இன்று இங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. இங்குள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனங்களிலிருந்து 2005இல் தியோடோர் ஹென்ஷ், 2020இல் ரெய்ன்ஹார்ட் கென்ட்செல், 2023இல் ஃபெரென்ஸ் கிராவுஸ் ஆகிய மூவர் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார்கள். மூவரும் ஆண்கள். கென்ட்செலோடு பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஆண்ட்ரியா கெஸ் என்ற பெண் இருந்தார். கிராவுஸோடு பகிர்ந்துகொண்டவர்களில் ஆன் லுயிலியே இருந்தார். முதலாமவர் லாஸ் ஏஞ்சலஸில் பணியாற்றுகிறார், இரண்டாமவர் ஸ்வீடனின் லுண்ட் நகரில். நம் பால்வீதியின் மையத்தைச் சுற்றும் விண்மீன்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்வதும், அட்டோநொடி அளவுக்குச் சிறிய ஒளித்துடிப்புகளை உருவாக்குவதும் பெண்களால் ஆகக்கூடிய வேலைகளா என்ற கேள்விக்கு அந்த இரு பரிசுகளே விடை சொல்லிவிட்டன. அத்தகைய பெண்களுக்கு ஆய்வகமும் பதவியும் காலமும் கொடுத்து வைத்துக்கொள்ள ஒரு நிறுவனம் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் இனி மிச்சமிருக்கும் கேள்வி.

அந்தக் கேள்வியைக் கையில் எடுத்த இடங்களில் ஒன்று கார்ஹிங் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் உயர் ஆய்வு மையம் வழங்கும் ஆய்வு நல்கைகளில் ஒன்றுக்கு அன்னா பாய்க்சன் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். 1906இல், அப்போது மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியாக இருந்த இதே நிறுவனத்தில், மின்பொறியியல் படிக்கச் சேர்ந்த பெண் அவர். பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பேராசிரியர் லீசல் பெக்மன் பெயரில் இங்கே கருத்தரங்குகளும் நடந்திருக்கின்றன. பெயர் சூட்டுவது எந்த நிறுவனத்துக்கும் எளிது. இந்த நல்கை எதற்காகத் தரப்படுகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். பொறியியலுக்குள்ளும் இயற்பியலுக்குள்ளும் பாலினமும் பன்மையும் எப்படிச் செயல்படுகின்றன என்று ஆராயும் அறிஞர்களுக்கு அது உரியது. ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த அறிவியல் வரலாற்றாசிரியர் லண்டா ஷீபிங்கர் இந்த உயர் ஆய்வு மையத்தோடு இணைந்து பணிசெய்தவர். பெண்களைக் கணக்கில் கொள்ளாத ஆய்வு அநீதியானது மட்டுமன்று, அறிவியலாகவே அரைகுறையானது என்பது அவர் பல ஆண்டுகளாக நிறுவிவரும் கருத்து. அவர் சுட்டிக்காட்டும் சான்றுகளில் ஒன்று அமெரிக்காவிலிருந்து வருகிறது. 1997 முதல் அங்கே சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்ட பத்து மருந்துகளை அந்நாட்டு அரசின் தணிக்கை அமைப்பு 2001இல் ஆராய்ந்தது. அவற்றில் எட்டு, ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிக ஆபத்து விளைவித்தவை. கார் மோதல் சோதனைகளிலும் வெகுகாலம் சராசரி ஆணின் உடலளவில் செய்த பொம்மையையே உட்காரவைத்துப் பார்த்தார்கள். ஆய்வுக்கூடத்தில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அங்கே எழும் கேள்விகளும் மாறும். ஆகவே பெண்களின் ஆய்வை ஆதரிக்கும் மையத்தைப் பல்கலைக்கழகம் பெண்களுக்குச் செய்யும் சலுகை என்று பார்ப்பது தொடக்கத்திலேயே தவறு.

பெண்களுக்குக் கல்லூரிக் கதவு திறந்துவிட்டது, இனி திறமையுள்ளவர்கள் தாமே மேலே வந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கை நூறு ஆண்டு பழமையானது. அது எவ்வளவு பொய் என்பதை ஜெர்மனியின் வரலாறே காட்டுகிறது. கார்ஹிங் இருக்கும் பவேரியா மாநிலம் 1903இல் பெண்களைப் பல்கலைக்கழக மாணவர்களாக ஏற்றது. அதே மாநிலத்தின் எர்லாங்கனில் பிறந்த எம்மி நோதர் 1907இல் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பிறகு ஏழாண்டுக் காலம் அங்கே ஊதியமே இல்லாமல் உழைத்தார். கோட்டிங்கனுக்கு அழைக்கப்பட்ட பின்னும், பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் உரிமை அவருக்கு 1919 வரை கிடைக்கவில்லை. நவீன இயற்பியலின் அடித்தளங்களில் ஒன்றான அவருடைய தேற்றம் அதற்கு முன்பே, 1918இல், வெளியாகியிருந்தது. கோட்டிங்கனில் படித்த மரியா கோப்பெர்ட் மேயர் அமெரிக்கா சென்றார். கணவர் பேராசிரியராக இருந்த பல்கலைக்கழகங்களில் பல்லாண்டுகள் சம்பளமின்றியோ அற்பச் சம்பளத்துக்கோ ஆய்வு செய்தார். முழுச் சம்பளத்தோடு பேராசிரியர் பதவி அவருக்கு வாய்த்தது 1960இல். மூன்றே ஆண்டுகளில் நோபல் பரிசு பெற்றார். இவர்கள் இருவரையும் காட்டி, திறமை எப்படியும் வென்றுவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு இந்தக் கதைகள் நேரெதிரான பாடத்தைச் சொல்கின்றன. சம்பளமில்லாமல் ஏழாண்டு தாக்குப்பிடிக்க முடியாத நோதர்களின் பெயர்கள் நமக்குத் தெரியவே போவதில்லை.

இன்றைய தடை அவ்வளவு அப்பட்டமானதில்லை. அதனாலேயே அதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜெர்மனியில் முனைவர் பட்டம் பெறுவோரில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் பெண்கள். பேராசிரியர்களில் பெண்களின் பங்கு 1990களின் தொடக்கத்தில் பத்து விழுக்காட்டுக்கும் கீழே கிடந்து, இப்போதுதான் முப்பது விழுக்காட்டை நெருங்குகிறது. இழப்பு நேர்வது நுழைவாயிலிலோ உச்சியிலோ அன்று. முனைவர் பட்டத்துக்கும் நிரந்தரப் பணிக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில். ஜெர்மானியச் சட்டப்படி ஒருவரைப் பட்டத்துக்கு முன் ஆறு ஆண்டுகள், பட்டத்துக்குப் பின் ஆறு ஆண்டுகள் ஒப்பந்தப் பணியில் வைத்திருக்கலாம். நிரந்தரப் பேராசிரியர் பதவி பலருக்கு நாற்பது வயதை ஒட்டித்தான் வருகிறது. முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடையே ஊர் மாறி, நாடு மாறி, ஒப்பந்தம் ஒப்பந்தமாக ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பிள்ளை பெறும் வயதும் அதுவேதான். குழந்தை ஒன்றுக்கு ஒப்பந்த வரம்பை இரண்டு ஆண்டுகள் நீட்டிக்க அதே சட்டம் இடம் தருகிறது. நீட்டிக்கலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது. நீட்டித்தே ஆகவேண்டும் என்று சொல்லவில்லை. பெண்கள் தாமாகவே குடும்பத்தைத் தேர்ந்தெடுத்து விலகுகிறார்கள் என்ற வாதம் இந்த இடத்தில்தான் உடைகிறது. நிச்சயமின்மையையும் தாய்மையையும் ஒரே பத்தாண்டுக்குள் திணித்துவைத்துவிட்டு, விலகியவரின் விருப்பம் அது என்று சொல்வது நேர்மையான கணக்கில்லை.

அப்படியானால் இந்த நடு ஆண்டுகளைச் சரிசெய்யாத எந்த மையமும் விழா நடத்தும் இடமாகவே முடியும். கார்ஹிங்கில் என்னை நம்பிக்கையோடு பார்க்கவைப்பவை, பணியிடத்தையும் பணத்தையும் தொட்ட முடிவுகள்தாம். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2012இல் ஒரு புதிய நியமன முறையைக் கொண்டுவந்தது: இளம் ஆய்வாளர் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து, ஆறு ஆண்டுகளில் மதிப்பீட்டில் தேறினால் நிரந்தரமாவார். இது இரு பாலருக்கும் பொதுவான விதி. ஆனாலும் நிச்சயமின்மையால் அதிகம் இழப்பவர்களுக்கே நிச்சயம் அதிகம் உதவும். மாக்ஸ் பிளாங்க் கழகம் 2018இல் இயற்பியலாளர் லீசே மைட்னர் பெயரில் பெண் அறிவியலாளர்களுக்கான திட்டம் ஒன்றைத் தொடங்கி, தனி ஆய்வுக்குழுவையும் அதற்கான நிதியையும் அவர்கள் கையிலேயே கொடுத்தது. ஜெர்மனியின் ஒன்றிய அரசும் மாநிலங்களும் சேர்ந்து 2008 முதல் நடத்திவரும் பெண் பேராசிரியர் திட்டம் இன்னும் கூர்மையானது. பல்கலைக்கழகம் முதலில் தன் சமத்துவத் திட்டத்தை எழுதி, வெளி வல்லுநர்களின் மதிப்பீட்டில் தேற வேண்டும். தேறினால்தான் பெண் பேராசிரியர்களை நியமிக்க ஐந்து ஆண்டுகளுக்குப் பணம் வரும். கார்ஹிங்கின் தலைமைப் பதவிகளிலும் மாற்றம் தெரிகிறது. கேத்தரின் செசார்ஸ்கி 1999 முதல் 2007 வரை ஐரோப்பியத் தெற்கு வானாய்வகத்தை நடத்தினார். அணுக்கரு இணைவை ஆராயும் பிளாஸ்மா இயற்பியல் நிறுவனத்தின் தலைமைக்கு 2011இல் சிபில்லே குந்தர் வந்தார். 2014இல் பாவ்லா கசெல்லியும் 2021இல் செல்மா டி மிங்க்கும் இங்குள்ள மாக்ஸ் பிளாங்க் வானியல் நிறுவனங்களில் இயக்குநர்களானார்கள். இவர்கள் ஒவ்வொருவரும் இன்ன திட்டத்தால்தான் வந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நோதரின் மாநிலத்தில் இது வழக்கமாகிவருகிறது என்பதே என் சான்று.

இதற்கு எதிராக எழும் வலுவான மறுப்பு தகுதி பற்றியது. ஆய்வில் ஆணென்றும் பெண்ணென்றும் ஏன் பார்க்க வேண்டும், தகுதியை மட்டும் பார்த்தால் போதாதா என்று கேட்பவர்கள் தீய எண்ணத்தோடு கேட்பதில்லை. தகுதி எப்படி அளக்கப்படுகிறது என்பதை அவர்கள் பார்க்க வேண்டும். ஸ்வீடனின் மருத்துவ ஆய்வுக் குழுமம் தந்த மதிப்பெண்களை கிறிஸ்டின் வென்னரோஸ், ஆக்னஸ் வோல்ட் என்ற இருவர் ஆராய்ந்து 1997இல் வெளியிட்டார்கள். ஓர் ஆண் பெறும் தகுதி மதிப்பெண்ணைப் பெற, ஒரு பெண் அவரைப்போல் இரண்டரை மடங்கு ஆய்வுப் பங்களிப்பைக் காட்டவேண்டியிருந்தது. 2012இல் அமெரிக்காவில் 127 அறிவியல் பேராசிரியர்களிடம் ஒரே விண்ணப்பத்தைப் பாதிப்பேருக்கு ஜான் என்ற பெயரிலும் பாதிப்பேருக்கு ஜெனிஃபர் என்ற பெயரிலும் கொடுத்தார்கள். ஜெனிஃபருக்குத் தகுதியும் குறைவாகத் தெரிந்தது, தரச் சொன்ன சம்பளமும் குறைவாக இருந்தது. பெண் பேராசிரியர்களும் அப்படித்தான் மதிப்பிட்டார்கள். எதிர்ச் சான்றும் இருக்கிறது, அதை மறைப்பது நியாயமாகாது. 2015இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வில், ஒத்த தகுதியுள்ள கற்பனை விண்ணப்பதாரர்களைப் பேராசிரியர் பணிக்கு ஒப்பிட்டவர்கள், ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் பெண்ணையே தேர்ந்தெடுத்தார்கள். அதை அப்படியே ஏற்றுக்கொள்வோம். அப்போதும், நேர்காணல் அறை வரை வந்துசேர்ந்த பெண்ணுக்கு இன்று நியாயம் கிடைக்கலாம் என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை. வந்துசேராதவர்களைப் பற்றி அந்த ஆய்வு பேசவே இல்லை. நான் மேலே சொன்ன நடு ஆண்டுகள் அந்த அறைக்கு வெளியே நிற்கின்றன.

பெண்களுக்கென்று தனி மையம் வைத்தால் அவர்களை ஒரு மூலையில் ஒதுக்கியதாகிவிடாதா என்பது இன்னொரு மறுப்பு. இதில் பாதி உண்மை இருக்கிறது. குழுவுக்கு ஒரு பெண்ணாவது வேண்டும் என்ற விதி வந்ததும், இருக்கும் சில பெண் பேராசிரியர்கள் எல்லாக் குழுக்களிலும் உட்கார்ந்து தங்கள் ஆய்வு நேரத்தை இழக்கிறார்கள். வழிகாட்டல் கூட்டமும் தன்னம்பிக்கைப் பயிற்சியும் மட்டும் நடத்தும் மையம், குறை பெண்ணிடம்தான் இருக்கிறது என்று மறைமுகமாகச் சொல்கிறது. எனவே மையத்தின் கையில் அளவுகோலும் அதிகாரமும் இருக்க வேண்டும். அமெரிக்காவின் எம்ஐடியில் நான்சி ஹாப்கின்ஸ் என்ற உயிரியலாளர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டுபோய் ஆண், பெண் பேராசிரியர்களின் ஆய்வகப் பரப்பை அளந்தார். 1994இல் அங்கே அறிவியல் துறைகளில் நிரந்தரப் பேராசிரியர்களாக இருநூறுக்குச் சற்றுக் குறைவான ஆண்களும் 15 பெண்களும் இருந்தார்கள். அந்தப் பெண்கள் சேர்ந்து திரட்டிய சான்றுகளின் சுருக்கம் 1999இல் வெளியானது. பாகுபாடு நடந்ததை நிறுவனத்தின் தலைவரே ஒப்புக்கொண்டார். இடமும் சம்பளமும் திருத்தப்பட்டன. பிரிட்டனில் பல்கலைக்கழகங்களின் பாலினச் சமத்துவத்துக்குத் தரச்சான்று வழங்கும் ஏற்பாடு 2005 முதல் இருந்தது. பெரும் மருத்துவ ஆய்வு நிதிக்கு அந்தச் சான்று வேண்டும் என்று 2011இல் அறிவித்த பிறகே மருத்துவக் கல்லூரிகள் அதைப் பெற முண்டியடித்தன. நல்லெண்ணம் ஆறாண்டுகளாகச் செய்யாததைப் பணம் பற்றிய ஓர் அறிவிப்பு செய்தது.

நமக்கும் இதில் சொந்தக் கணக்கு இருக்கிறது. சென்னையில் பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் கற்பித்துக்கொண்டிருந்த ஜானகி அம்மாள், ஆசியப் பெண்களுக்கென்றே மிச்சிகன் பல்கலைக்கழகம் ஒதுக்கிய பார்பர் உதவித்தொகையில் அமெரிக்கா போனார். 1931இல் முனைவரானார். பிறகு கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் அவர் செய்த ஆய்வு தாவரவியலில் நிலைத்து நிற்கிறது. பெண்களுக்கென்று ஒதுக்கிய பணம் தகுதியைக் குறைக்குமென்றால் ஜானகி அம்மாளை எங்கே வைப்பது? சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த அன்னா மணி, பெங்களூரில் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் வைரம், மாணிக்கம் பற்றி ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். முதுகலைப் பட்டம் இல்லை என்று சொல்லிச் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் தரவில்லை. இந்தியாவின் வானிலைக் கருவிகளை உள்நாட்டிலேயே செய்யவைத்தவர் அவர். அன்னா பாய்க்சன் மியூனிக்கில் படித்த அதே மின்பொறியியலைக் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் அ. லலிதா 1943இல் முடித்தார். அம்பாசமுத்திரத்தில் பிறந்து, காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தில் வளர்ந்த ந. கலைச்செல்வி 2022இல் அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் குழுமத்தின் முதல் பெண் தலைமை இயக்குநரானார். பெருமைப்பட இவ்வளவு இருந்தும், 2018ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியாவின் ஆய்வாளர்களில் பெண்கள் 16.6 விழுக்காடுதான்.

அரசுப் பள்ளி மாணவியரை உயர்கல்விக்கு அனுப்ப மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்தைத் தமிழ்நாடு 2022இல் தொடங்கியது. நுழைவாயிலுக்கு அது மிக நல்ல திட்டம். பணியில் இடைவெளி விழுந்த பெண் அறிவியலாளர்களுக்கு ஒன்றிய அரசின் நல்கைகள் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக இருக்கின்றன. அவை குறிப்பிட்ட காலத்துக்கான பணம், முடிவில் பணியிடம் இருப்பதில்லை. பிரிட்டனின் தரச்சான்றைப் பின்பற்றி முப்பது நிறுவனங்களில் தொடங்கிய கதி (GATI) என்னும் முன்னோட்டத் திட்டத்துக்கு, நிதியை நிறுத்திவைக்கும் பல்லையும் கொடுக்க வேண்டும். நம் பல்கலைக்கழகங்களின் மகளிரியல் மையங்கள் மார்ச் 8 விழாவோடு நின்றுவிடாமல், ஆண்டுதோறும் நான்கு எண்களை வெளியிடட்டும்: முனைவர் ஆய்வில் எத்தனை பெண்கள், பட்டம் பெற்றவர் எத்தனை பேர், அவர்களில் ஐந்து ஆண்டுகள் கழித்தும் ஆய்வில் இருப்பவர் எத்தனை பேர், துறைத் தலைவர்கள் எத்தனை பேர். மூன்றாவது எண்ணைத்தான் இங்கே யாரும் எண்ணுவதில்லை. ஆட்சிக்குழு உறுப்பினர்கள் அதைத் துணைவேந்தரிடம் கேட்க வேண்டும். மகளை ஆய்வுப் படிப்பில் சேர்க்கப்போகும் பெற்றோரும் சேர்க்கைக்கு முன்னால் அதைக் கேளுங்கள்.