விரல் நுனியில் ஒரு தாளம்

ரிதம் கேமின் விதி ஒரே வரியில் அடங்கிவிடும். பாட்டு ஓடுகிறது, திரையில் கட்டைகள் இறங்குகின்றன, கட்டை கோட்டுக்கு வரும்போது தட்ட வேண்டும். புதிர் விளையாட்டுகளைப் போல மூளையைக் கசக்க வேண்டியதில்லை. காஞ்சிபுரத்துக்கு மேற்கே, தாமல் நிறுத்தத்தில் காத்திருக்கும் ஒருவர் பஸ் வருவதற்குள் இரண்டு மூன்று பாட்டு முடித்துவிடலாம்.

இந்த வகையை வளர்த்தது ஜப்பான். 1996-ல் பிளேஸ்டேஷனுக்கு வந்த 'பராப்பா தி ராப்பர்', 1997-ல் கொனாமியின் 'பீட்மேனியா', அடுத்த ஆண்டு காலால் மிதித்து ஆடும் 'டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்' எல்லாவற்றுக்கும் தனிக் கருவி தேவைப்பட்டது. 2008-ல் ஐபோனில் வெளியான 'டேப் டேப் ரிவெஞ்ச்' அந்தச் செலவை ஒழித்தது. கறுப்புக் கட்டையை மட்டும் தொடு என்ற ஒரே கட்டளையோடு 2014-ல் 'பியானோ டைல்ஸ்' உலகைச் சுற்றி வந்தது. பிறகு வந்த 'மேஜிக் டைல்ஸ் 3' வியட்நாமின் அமானோட்ஸ் நிறுவனத் தயாரிப்பு.

இத்தனை எளிய விளையாட்டு ஏன் ஆளை விடுவதில்லை? ஓர் ஒலியைக் கேட்டபின் விரலை அசைக்க மனிதருக்குச் சுமார் 150 மில்லி நொடியாவது பிடிக்கிறது. அப்படிக் கேட்டுத் தட்டினால் ஒவ்வொரு அடியும் பிந்திவிடும். ஆகவே அடுத்த அடி எப்போது விழும் என்று மூளை முன்பே கணக்குப் போட்டு, விரலை அனுப்பிவிடுகிறது. சீரான ஒலிக்கு ஏற்பத் தட்டச் சொல்லும் ஆய்வுகளில் பெரும்பாலோர் ஒலிக்குச் சற்று முன்னதாகவே தட்டுகிறார்கள். அது அவர்களுக்கே தெரிவதில்லை. உடம்பை அசைக்காமல் தாளத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாலும் மூளையில் அசைவுக்கான பகுதிகள் விழித்துக்கொள்கின்றன. தட்டும் ஆசை ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. கேம் அதற்கு மதிப்பெண் போடுகிறது, அவ்வளவுதான். நிமிடத்துக்கு 120 அடி ஓடும் பாட்டில், அடிக்கொரு தட்டு என்றாலும், நிமிடத்துக்கு 120 தீர்ப்பு. 'பெர்ஃபெக்ட்' என்று இத்தனை முறை சொல்ல வீட்டிலும் ஆளில்லை, வேலையிடத்திலும் ஆளில்லை.

தாளத்தை எதிர்பார்த்துச் சுவைப்பது காஞ்சிக்குப் புதிதல்ல. லய வல்லமைக்குப் பேர்போன காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை (1889–1934) இந்த ஊர்க்காரர். மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று பக்கவாத்தியங்கள் நிறைந்த அவர் கச்சேரிக்கு 'ஃபுல் பெஞ்ச்' என்றே பெயர். சிக்கலான கணக்கைப் போட்டுவிட்டுப் பாடகர், பாடல் வரி தொடங்கும் இடமான எடுப்புக்குச் சரியாக வந்து விழுவாரா என்று தொடையில் தாளம் போட்டபடி ரசிகர் காத்திருப்பதும், இறங்கும் கட்டைக்காக விரல் காத்திருப்பதும் ஒரே இன்பம்.

ஆனால் ஒரு வேறுபாடு பெரியது. கொன்னக்கோல் பழகும் பிள்ளை கையில் ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு, வாயால் மூன்று மூன்றாகவும் ஐந்து ஐந்தாகவும் சொற்கட்டு சொல்கிறது. காலக்கணக்கு அதன் பொறுப்பு. போனில் அந்தப் பொறுப்பைப் பாட்டு ஏற்றுக்கொள்கிறது. ஆடுபவர் பின்தொடர்ந்தால் போதும். பத்து முறை ஆடிய பாட்டில் வேலை செய்வது காதைவிடக் கண்ணின் ஞாபகம். லயம் கற்றுத்தரும் என்று நம்பிக் குழந்தையிடம் கொடுக்க இது ஏற்றதல்ல.

கேம் யாருக்காகவும் நிற்பதும் இல்லை. பட்டுத்தறியில் இழை அறுந்தால் நெசவாளர் நிறுத்திப் புணைத்துவிட்டுத் தொடர்வார், தறி காத்திருக்கும். இங்கே ஒரு கட்டை தப்பினால் பல கேம்களில் ஆட்டம் முடிந்தது; விட்ட இடத்திலிருந்து தொடர விளம்பரம் பார்க்க வேண்டும். விளையாட்டு இலவசம், பிழைக்குத்தான் விலை. இப்படி நிற்காமல் ஓடுவதே இதன் கவர்ச்சியும் கூட: அடுத்த கட்டை இறங்கிக்கொண்டிருக்கும்போது கடன் தவணையைப் பற்றிக் கவலைப்பட நேரமில்லை.

எத்தனை ஆடியும் 'பெர்ஃபெக்ட்' வராதவர்கள் விரலை நொந்துகொள்ளும் முன் ப்ளூடூத் இயர்போனைக் கழற்றிப் பார்க்கலாம். அதில் ஒலி 100 முதல் 200 மில்லி நொடி வரை பிந்தி வருவது சாதாரணம். வயர் இயர்போனை மாட்டலாம். சில கேம்களின் செட்டிங்ஸில் இந்தத் தாமதத்தைச் சரிசெய்யும் வசதியும் உண்டு.